மருந்து மிஷினும் என் பச்சை முடியும்

நவம்பர் 18, 2024

இன்றும் நீச்சல் குளத்துத் தண்ணீர் பச்சை. பாசிப் பச்சை இல்லை. பாசி என்றால் கலங்கலாக இருக்கும், காலில் வழவழக்கும். இது தெளிந்த பச்சை. அடியில் விழுந்து கிடக்கும் என் ஹேர்பின்கூடத் தெரிகிறது. கண் எரிச்சல் தாங்காமல் பாதியிலேயே ஏறிவிட்டேன்.

மருந்து மிஷின் மட்டும் சுவரில் உட்கார்ந்துகொண்டு டக் டக் என்று தன் வேலையைப் பார்க்கிறது. ஆயுத பூஜைக்கு மகன் தினகரன் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்து மாட்டியது. "வாக்கரப் புடிச்சுக்கிட்டு பிளீச்சிங் பவுடர் வாளியத் தூக்காதீங்கம்மா. இனி எல்லாம் ஆட்டோமேட்டிக்." ஒரு கேனில் குளோரின், இன்னொன்றில் ஆசிட். இரண்டு சென்சார் தண்ணீரை ருசி பார்க்கும். கிருமி நாசம் போதவில்லை என்றால் குளோரின் சொட்டும், காரம் ஏறினால் ஆசிட் சொட்டும். திரையில் எண் ஏழு சொச்சத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் புளிப்பு, மேலே போனால் காரம்.

வாளியில் கரைத்து ஊற்றின இரண்டு வருடத்தில் என் குளம் ஒரு நாள்கூடப் பச்சையானதில்லை. பெற்ற பிள்ளை ஆசையாகக் கொடுத்தது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

நவம்பர் 19

பச்சைதான்.

நவம்பர் 22

மிஷின் கம்பெனியிலிருந்து ஆண்ட்ரூ வந்தான். கோயமுத்தூர்ப் பையன், பஸ்ஸில் வாந்தி எடுத்து வெளிறிப்போய் வந்து நின்றான். சுடச்சுட டீயும் எங்கள் பேக்கரி வர்க்கி இரண்டும் கொடுத்த பிறகுதான் முகத்தில் களை வந்தது.

மிஷினைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சக்கரம், அது ஒரு ரப்பர் குழாயை நசுக்கி நசுக்கி மருந்தைத் தள்ளுகிறது. பால் கறப்பது மாதிரிதான். குழாயில் வெடிப்பு. குளோரின் கேனுக்குள் தொங்கும் வடிகட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குழாயை மாற்றினான், வடிகட்டியைக் கழுவினான். "இனிப் பிரச்சனை இல்லீங்கம்மா."

போகும்போது அடுப்புப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, புகைபோக்கியைச் சுற்றியிருக்கும் செப்புக் குழாய்ச் சுருளைக் கண்டு, "காயிலுங்களா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். விறகு அடுப்பு எப்படியும் தினமும் எரிகிறது, வீணாகப் போகிற சூட்டில் குளத்துத் தண்ணீர் சுற்றி வந்து வெதுவெதுப்பாகிறது. அது என் யோசனை. குன்னூர்க் குளிரில் கரண்டுச் செலவே இல்லாமல் வெந்நீர்க் குளம் வைத்திருக்கிற இன்னொருத்தியைக் காட்டட்டும், பிறகு சிரிக்கலாம்.

நவம்பர் 25

திரும்பவும் பச்சை. தினகரனிடம் போனில் சொன்னேன். "மலையில யாரும்மா நீச்சல் குளம் வெச்சிருக்காங்க? பேசாம அதை மூடிட்டு ரெண்டு ரூம் கட்டிட்டா, டூரிஸ்டாவது வருவாங்க."

போனை வைத்த பிறகுதான் பதில் வந்தது. எப்போதும் இப்படித்தான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வர்க்கித் தட்டோடு பேக்கரிப் பின்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்தது எனக்கு. பிளேட் வைத்துத் தைத்தார்கள். இடது கால் தரையில் என் பேச்சைக் கேட்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் கேட்கும். 'தண்ணீரில் நடங்கள், விட்டால் கால் இறுகிப்போகும்' என்று டாக்டர் சொன்னதைத் தினகரனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். அதற்காகத்தான் விறகுக் கொட்டகைக்குள் பள்ளம் தோண்டி டைல்ஸ் பதித்தேன். அறுபத்தொரு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டேன். ஊர் சும்மா இருக்குமா? "குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல அம்மாவுக்குக் குளம் கேக்குது." நகராட்சித் தண்ணீரில் ஒரு சொட்டு நான் எடுக்கவில்லை. பேக்கரிக் கூரையில் விழும் மழை, அது என் மழை. வந்து கேட்கட்டும்.

குளம் போனால் கால் போகும். கால் போனால் பேக்கரி போகும். பிறகு கோயமுத்தூர் பிளாட்டில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி. மாட்டேன்.

நவம்பர் 28

அடுப்பு வேலை பார்க்கும் வேலாமணிதான் முதலில் பார்த்தாள். தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஏனுங்கம்மா, தலையில என்னமோ பச்சையா இருக்குதுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். என் நரைமுடி முழுக்கப் பச்சை. கிளிப்பிள்ளை!

டிசம்பர் 1

கூடலூரில் சித்தப்பா பேத்தி கனிஷ்காவின் கல்யாணம். தினகரன் முதல்நாளே போனில் சொல்லிவிட்டான்: "டை அடிச்சுக்கிட்டு வாங்கம்மா." அதற்காகவே அடிக்கவில்லை. மல்லிகையை வேறு வைத்துக்கொண்டு போனேன். பச்சைக்கு வெள்ளை எடுப்பாகத்தான் இருந்தது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சிறுசுகள் வந்து தொட்டுப் பார்த்தன. மணப்பெண் தன் போட்டோகிராபரைக் கூப்பிட்டு என்னோடு தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தினகரன் முகம்தான் சுண்டைக்காயாகிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்:

"முடியே இப்படி ஆகுதுன்னா உள்ள என்ன ஆகும்? பொங்கலுக்கு வர்றேன். அதுக்குள்ள சரியாகலேன்னா மண்ணப் போட்டு மூடிரலாம்மா. இனி நான் கேக்க மாட்டேன்."

"கேக்காதே. நானும் கேக்க மாட்டேன்," என்றேன். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை.

டிசம்பர் 6

காலையில் ஒரு லாரி செம்மண் வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போயிற்று. தினகரன் அனுப்பியதாம். பொங்கல் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை! கொத்தனார் காத்தமுத்து வந்து தார்ப்பாய் போட்டு மூடினார். என்னைப் பார்க்காமலே, "சின்னவரு சொன்னாருங்க," என்றார்.

இந்த ஊட்டுல யாரு சின்னவரு, யாரு பெரியவரு? எல்லாம் நான் கட்டுனது. அடுப்புக் கல்லு ஒவ்வொண்ணும் நான் நின்னு வெச்சது. வாசல்லயே கொண்டாந்து கொட்றான், எனக்குக் குழி மண்ணு மாதிரி—

வேண்டாம். நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 11

ஆண்ட்ரூ இரண்டாம் முறை. திரையில் எண் நிற்கவில்லை. எட்டரைக்குத் தாவுகிறது, ஐந்தரைக்கு விழுகிறது. "சென்சார் போச்சுங்கம்மா." அளவு தெரிந்த இரண்டு சின்னப் புட்டித் தண்ணீரில் முக்கிச் சரிபார்த்தான். புட்டியில் சரியாகக் காட்டியது, குளத்தில் தாவியது. ஆனாலும் புதுசு மாட்டினான். பச்சையைப் பார்த்து, "இது பாசிதாங்க," என்று குளோரினை அள்ளி ஊற்றினான்.

"பாசி வழவழக்கும். இது வழவழக்கலையே."

"எல்லா ஊட்லயும் பாசிதாங்கம்மா."

டிசம்பர் 12

முன்னைவிடப் பச்சை. புதுச் சென்சாரும் தாவுகிறது. குளோரின் நெடியில் ராத்திரி இருமல், நெஞ்சில் எரிச்சல். அந்த நேரம் பார்த்துத் தினகரன் போன் செய்ய, இருமலைக் கேட்டுவிட்டான். உடனே போனை வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

குளத்தில் சரியாக இறங்க முடியாமல் கால் இறுகத் தொடங்கிவிட்டது.

டிசம்பர் 27

கிறிஸ்துமஸ் கேக் வேலை முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தினேன். எழுந்திருக்க வேலாமணியின் தோள் வேண்டியிருக்கிறது. போன மாதம் வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 3, 2025

பார்லர் சுகந்தி கேக் பாக்கெட் வாங்க வந்தவள், என் தலையைப் பார்த்ததும் கடையிலேயே நின்றுவிட்டாள். அவள் முன்பு துபாயில் ஒரு ஓட்டல் பார்லரில் இருந்தவள்.

"அக்கா, குளத்துல நீந்துறீங்களா? அங்க நீச்சலடிக்கிற வெள்ளக்காரிங்களுக்கு இப்படி ஆகுமுங்க. பாசி இல்லீங்க, குளோரினும் இல்லீங்க. செம்பு. தண்ணியில செம்பு கரைஞ்சிருந்தா வெள்ளை முடியில ஏறிக்கும்."

செம்பு. என் குளத்தில் செம்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஜனவரி 4

ஆண்ட்ரூவிடம் சொன்னேன். சந்தோஷமாகிவிட்டான். "பாத்தீங்களா, உங்க அடுப்புச் செப்புக் காயில்தான் பிரச்சனை. மிஷின் பக்கம் தப்பே இல்லீங்க." தினகரனுக்கும் சொல்லிவிட்டான் போல. தினகரன் போன் செய்தான். குரலில் ஜெயித்த பெருமைகூட இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்த நாட்டுக் காயில வெச்சு எத்தன நாளம்மா ஓட்டுவீங்க? விட்ருங்க."

ஏன் விட வேண்டும்? அதே காயில்தானே இரண்டு வருடம் ஓடியது? அப்போது என் முடி வெள்ளையாகத்தானே இருந்தது? செம்பு தானாகவா கரையும்? குழம்புப் புளியைப் போட்டுத் தேய்த்தால்தான் செம்புக் குடமே பளபளக்கிறது. புளிப்பு படாமல் செம்பு கரையாது. என் தண்ணீரைப் புளிக்க வைத்தது யார்?

ஜனவரி 8

மிஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வேலாமணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "டி.வி. பாக்கறாப்பல பாக்கறீங்களே," என்றாள்.

நடப்பது இதுதான். குளோரின் நாலு சொட்டு விழும். குளோரின் காரம், எண் சர்ரென்று எட்டரைக்கு ஏறும். உடனே ஆசிட் பம்ப் ஓடும். எண் ஐந்தரைக்கு விழும், அங்கேயே கிடக்கும். அடுத்த குளோரினுக்கு மறுபடி ஏறும். சென்சார் பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான் அப்படித் தாவுகிறது. ஒரு சொட்டுக்கே தலைகீழாகிற தண்ணீர்.

நல்ல மாவு அப்படிச் செய்யாது. வர்க்கி மாவு எவ்வளவு புளித்தாலும் கொஞ்சம் தாங்கும், பிறகுதான் கெடும். என் தண்ணீருக்குத் தாங்கும் சக்தியே இல்லை. ஏன் இல்லை?

ஜனவரி 11

ஆண்ட்ரூ மிஷினின் போர்டை மாற்ற வந்தான். "நாளைக்கு மாத்து. முதல்ல உன் பெட்டியத் தொற," என்றேன். தண்ணீர் சோதிக்கிற பெட்டியில் பாதிப் புட்டிகள் காலியாகியிருந்தன. ஒன்று மட்டும் சீல்கூட உடைக்காமல் இருந்தது.

"இது என்ன?"

"காரத்தன்மை பாக்கறதுங்க. ஆல்கலினிட்டி. அது பாக்க வேண்டியதில்லீங்கம்மா. எங்க பக்கம் போர்வெல் தண்ணி, சுண்ணாம்பும் உப்பும்தான். அது எப்பவும் அளவுக்கு மேலதான் இருக்கும். ஆசிட் எவ்வளவு ஊத்துனாலும் தாங்கும்."

"இது எந்தத் தண்ணி?"

கூரையைப் பார்த்தான். வெளியே தகரத்தில் தூறல் விழுகிற சத்தம்.

சீலை உடைத்தோம். குளத்துத் தண்ணீரைக் குழாயில் எடுத்து, பச்சை மருந்து கலந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எட்டாவது சொட்டுப் பக்கம் சிவந்தால் சரியான தண்ணீர். கோயமுத்தூரில் இருபது சொட்டுக்குக்கூடச் சிவக்காதாம்.

முதல் சொட்டிலேயே சிவப்பு.

"ஒண்ணுமே இல்லீங்கம்மா இதுல," என்றான். பிறகு அவனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "வெறும் மழத்தண்ணி. இதுல போயி எங்கூரு அளவுக்கு ஆசிட் செட் பண்ணி வெச்சிருக்கறேன்." இருந்த கொஞ்சக் காரத்தையும் ஆசிட் தின்று தீர்த்திருக்கிறது. பிறகு புளித்த தண்ணீர் காயிலைத் தின்றிருக்கிறது. வாளியில் ஊற்றின காலத்தில் ஆசிட் என்ற பேச்சே கிடையாது. காயிலும் பத்திரமாக இருந்தது.

போர்டைத் திரும்பப் பைக்குள் வைத்தான், சோதனைப் பெட்டியை மட்டும் எனக்காக ஜன்னலில் விட்டான். சோடியம் பைகார்பனேட் போட வேண்டுமாம், பொங்கல் லீவு முடிந்து அனுப்புகிறானாம்.

"அது ஆப்ப சோடாதானே?"

"ஆமாங்க."

"தம்பி, இது பேக்கரி."

ஜனவரி 12

ஆண்ட்ரூ சொன்னது: ஆசிட் பம்பை நிறுத்திவிட்டு, மூன்று கிலோ சோடாவை இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுங்கள்.

நாளை மறுநாள் பொங்கல். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் யார் காத்திருப்பது? மூன்று கிலோவையும் ஒரே மூச்சில் கரைத்து ஊற்றச் சொன்னேன். வேலாமணி, "அவுரு மெதுவா ஊத்தச் சொன்னாருங்களே," என்று இழுத்தாள். "ஊத்து" என்றேன்.

ஜனவரி 13

நாசம். குளம் முழுக்க நீலமும் பச்சையுமாகப் பால் கலந்த மாதிரி கலங்கிக் கிடக்கிறது. அடி தெரியவில்லை. முதல் படிகூடத் தெரியவில்லை.

அவசரக்குடுக்கை. அவசரக்குடுக்கை. அவசரக்குடுக்கை.

ஆண்ட்ரூவுக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்கம்மா. புளிப்புப் போச்சுல்ல, கரைஞ்சிருந்த செம்பு இனிக் கரைஞ்சிருக்க முடியாது, வெளிய வருது. பில்டரை நிறுத்தாம ஓட்டுங்க. ரெண்டு மூணு நாளுல புடிச்சிரும்." மெதுவாக ஊற்றியிருந்தால் கலங்கல் வரவர பில்டர் பிடித்திருக்குமாம்.

இரண்டு மூன்று நாள் எங்கே இருக்கிறது? விடிந்தால் தினகரன் வருகிறான்.

ஜனவரி 14, பொங்கல்

இன்றே எழுதிவிட வேண்டும்.

தினகரன் காலையிலேயே வந்தான். மருமகள் ரேகாவும் பேத்தியும் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்க, இவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். கலங்கலைப் பார்த்ததும் காத்தமுத்துவைப் போனில் கூப்பிட்டான்.

நான் வாக்கரைப் படி ஓரம் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து, கட்டியிருந்த புடவையோடு இறங்கினேன். கழுத்து வரை. படி தெரியாவிட்டால் என்ன, என் காலுக்குத் தெரியும். கண் எரியவில்லை. அதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

"காத்தமுத்து, வந்துட்டீங்களா? போடுங்க மண்ண. என் மேலயே போடுங்க."

"பொங்கலும் அதுவுமா என்ன பேச்சுங்கம்மா இது," என்று அவர் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

தினகரன் கத்தினான். என்னிடம் அவன் கத்தியதே இல்லை. "ரூமு வேணும்னா கேக்கறேன்? ராத்திரி போன்ல இருமுனீங்களே, காலையில வேலாமணி வரும்போது நீங்க இதுல மிதந்தா? யாருக்கும்மா போன் வரும்? எனக்குத்தானே வரும்! நான் வாங்கிக் குடுத்த மிஷினு!"

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. நாற்பது வயதுப் பிள்ளை.

இரண்டு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த பதிலில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. அழுதால் தோற்றதாகிவிடும் என்று தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்தேன்.

"டேய், அந்த ஜன்னல்ல ஒரு பெட்டி இருக்கு, எடு. கண்ணாடிக் குழாயில தண்ணிய மொண்டு, பச்சை மருந்து கலந்து, நாலாவது புட்டியச் சொட்டு விடு. நீயே எண்ணு. மூணு நாளைக்கு முன்னாடி மொதச் சொட்டுலயே செவந்துச்சு. இன்னிக்கும் அப்படிச் செவந்தா நானே ஏறி வர்றேன், நீ மண்ணப் போடு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு செய்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் என்னைப் பார்த்தான். ஐந்து, ஆறு. ஏழு. எட்டாவதில்தான் சிவந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். தண்ணீரில் நின்றபடியே முழுவதும் சொன்னேன், மழை, கோயமுத்தூர் அளவு, ஆசிட், காயில், என் முடி, ஒரே மூச்சில் ஊற்றிய என் அவசரம் வரைக்கும். பிறகு அவன் ஸ்டூலை இழுத்து மிஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். குளோரின் சொட்டியது. எண் கொஞ்சம் அசைந்தது, நின்றது. அடுத்த சொட்டுக்கும் அப்படித்தான்.

ரேகா வந்து, "பொங்கல் பொங்கிருச்சு, ரெண்டு பேரும் வர்றீங்களா இல்லீங்களா?" என்று கேட்டாள். அவன் திரும்பாமலே, "இரு, இன்னொரு சொட்டு பாத்துட்டு வர்றேன்," என்றான்.

ஜனவரி 17

ஹேர்பின் தெரிகிறது.

ஜனவரி 19

தினகரன் இன்றுதான் கிளம்பினான். லீவைக் கூட்டிக்கொண்டு இருந்தான். பில்டரை அவனே கழுவினான், நீலமாக வந்ததாம். காயிலின் இரண்டு முனையும் மெலிந்திருந்தன, மாற்றினோம். செம்பேதான். ஆண்ட்ரூ போனில் வேறு ஏதோ உலோகத்தின் பெயரைச் சொன்னான். செம்பு என்றேன்.

மிஷினைக் கழற்றி எறிய வேண்டும் என்றுதான் இருந்தேன். தினகரன் சுவரில் ஒரு மணி மாட்டியிருக்கிறான், எண் எல்லை தாண்டினால் அது அடிக்கும், அவன் போனிலும் அடிக்கும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

மண்ணை மட்டும் திரும்ப எடுத்துப்போக நான் விடவில்லை. தார்ப்பாயை எடுக்கச் சொல்லி, குவியல் மேல் முளைவிட்ட மேரக்காய் நாலு வைத்தேன், கீழே சௌசௌ என்கிறார்களே, அது.

மார்ச் 2

சுகந்தி பச்சையை வெட்டிவிடலாம் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். வேர்ப்பக்கம் அரை விரல் அளவு வெள்ளையாக வந்திருக்கிறது. என் தண்ணீருக்கு இதைவிடச் சர்டிபிகேட் ஏது?

ஏப்ரல் 20

தினகரன் தினமும் காலையில் போன் செய்கிறான். "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டான். "எத்தனாவது சொட்டும்மா?"

ஜூன் 8

காலையில் குளத்தில் இருந்து ஏறினதும் பசித்தது. அப்படியே வாசலுக்குப் போனேன். மண்குவியல் இப்போது வெளியே தெரியவில்லை, கொடி மூடிவிட்டது, வேலியையும் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் போகிறது. முதல் காய்கள். நல்ல எடை, ஒரு கைக்கு ஒன்றுதான் வந்தது. பறித்துக்கொண்டு பேக்கரிக்குள் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற வேலாமணியிடம், "கூட்டு வை," என்று நீட்டினேன்.

அவள் வாங்கவே இல்லை. என்னையும் எனக்குப் பின்னால் இருந்த வழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, வாக்கர் எங்கீங்க?"

என் இரண்டு கையிலும் மேரக்காய் இருந்தது.